காரணம் என்ற கட்டம்

வண்ணார்பேட்டை பைபாஸில்
டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ராத்திரி பத்துக்கு உட்கார்ந்தால் விடிய ஆறு வரை
அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி.

பார்க்கிறதில்லை; டைப் அடிக்கிறோம்.
ஏழு கல்லூரிகள் கூடி ஆரம்பித்த ஒரு கூட்டமைப்பு.
அறுபத்தோரு வருஷத்துக் கோல் கணக்கை
யாரோ பெட்டி பெட்டியாக ஸ்கேன் பண்ணி அனுப்புகிறார்கள்.
தாளுக்கு ஒரு ரூபாய் நாற்பது காசு,
கையெழுத்து புரியாத தாளென்றால்
எண்பது காசு கூட.

ஐஸ் என்றால் எனக்கு
தூத்துக்குடி மீன்வண்டி ரோட்டில் ஒழுகவிட்டுப் போகும் தண்ணீர்.
இவர்கள் ஏரி மேலேயே ஆடியிருக்கிறார்கள்.
வெப்பநிலைக் கட்டத்தில்
எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டைக் கவனிக்காத காஜா மைதீன்
ஒரு சீசன் முழுக்க இருபத்திரண்டு டிகிரியில் ஆட்டம் நடத்தினான்.
கேட்டால், 'குத்தாலத்துச் சாரல்ல ஆடுதானுவன்னு நெனச்சேன்' என்கிறான்.

நான் கோவில்பட்டியில் கோல்கீப்பர்,
கல்லூரி அணிக்கு மூன்று வருஷம்.
கரிசலைத் தட்டிப் போட்ட மைதானம்.
மழை பெய்தால் பந்து நிற்கும், ஆள் வழுக்கும்.
அதனால் கீப்பர் பத்தியை மட்டும்
யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.
ஆர். லிண்ட்க்விஸ்ட்,
தடுத்தவை நாற்பத்தாறு, விட்டவை ஒன்பது.
அன்றைக்கு ராத்திரி நீ
எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் வலித்திருக்கும்,
எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் வருஷம் ஒரு கல்லூரி விலகியது.
பதினைந்தில் இரண்டு சேர்ந்தன.
கோப்பைக்குப் பணம் கொடுத்த மரக்கம்பெனி
பத்தொன்பதில் திவால்;
கோப்பை மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது.
பெரிய கல்லூரிகள் டிவிக்காரர்கள் நிற்கும் பக்கம் நகர,
மிச்சமிருந்தவை கூடிப் பெயரை மாற்றிக்கொண்டன.
பெயரில் வடக்கு என்று இருந்தது, பிறகு இல்லை.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.
எங்கள் கல்லூரிக் கண்ணாடி அலமாரியில்
ஒரு பழைய கோப்பை, பித்தளைத் தகட்டில்
கோவில்பட்டி, திருநெல்வேலி மாவட்டம் என்றிருக்கும்.
எண்பத்தாறில் அந்த ஊர் பிரிந்தது.
பிறகு தென்காசி.
ஒரே மாவட்ட ஜெர்சியில் எனக்கு முன்னால் நின்ற
சங்கரன்கோவில் ஆவுடைச்செல்வி
அடுத்த தேர்வில் எதிர்ப்பக்கம் நின்றாள்.
என் இடது காலில் பலம் இல்லை என்று
அவளுக்குத் தெரியும். அங்கேயே அடித்தாள்.

நேற்று மூன்று மணிக்கு, டீ வந்த நேரம்,
ஒரு தாள்.
பிப்ரவரி கடைசி சனிக்கிழமை. மூன்று-மூன்று.
கடைசிப் பகுதிக்கான கட்டங்களின் குறுக்கே சாய்வாக
'ஏரி இளகிவிட்டது. எல்லோரும் கரையேறினோம்.'

முடிவு என்ற கட்டத்தில் நான்கே விடை,
வெற்றி, தோல்வி, சமன், ரத்து.
காரணம் என்ற கட்டத்தில் மூன்று,
வானிலை, ஆள் குறைவு, தகராறு.
செல்வின் சாரிடம் கேட்டேன்.
'சமன்னு போடு வடிவு, வானிலைன்னு போடு.
ஒண்ணு நாப்பதுக்கு ஏரிக்குள்ள எறங்காத.'

சமன் வேறு.
இருபதாம் வருஷம் மார்ச், அரையிறுதி,
இடைவேளையில் ஒன்று-ஒன்று.
எலுமிச்சைத் துண்டு வாயில் இருக்கும்போதே
பஸ் வந்துவிட்டது;
கொரோனா, ஹாஸ்டலைக் காலி பண்ணு என்றார்கள்.
காலில் பேடு கட்டியபடியே ஏறினேன்.
சாத்தூர்க்காரிகள் எதிர் ஜன்னலில் கையாட்டினார்கள்.
அந்த ஆட்டத்தை யாரும் எந்தத் தாளிலும்
முடித்து வைக்கவில்லை.

ரத்து என்று போட்டேன்.
காரணத்தில் அந்த வாக்கியத்தை அப்படியே அடித்தேன்.
இருபது எழுத்துக்கு மேல் ஏற்காது என்றது இயந்திரம்.
வெட்டி வெட்டிப் பார்த்து
கரையேறினோம் என்பதை மட்டும் விட்டேன்.
சிவப்புக் கோடு மறைந்தது.

காலையில் கணக்கு வந்தது.
அந்தத் தாளில் கையெழுத்து நல்ல தெளிவு.
எண்பது காசு கிடையாது.